படத்தில் நாம், பத்திரத்தில் அவர்கள்

(அரிமளத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



அம்பேத்கர் பிறந்தநாளுக்கு இங்கே ஒரு படக் கண்காட்சி வைக்க வேண்டும், நம்ம சனங்களைப் பழைய காலத்தில் யார் எப்படி வரைந்தார்கள், எப்படிப் போட்டோ எடுத்தார்கள் என்று காட்ட வேண்டும், அதையே ஒரு சிறு புத்தகமாகவும் போட்டு விற்க வேண்டும் என்று மாணவத் தோழர்கள் திட்டம் போட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார்கள். ‘இந்தப் படமெல்லாம் மியூசியத்துல இருக்கு. அனுமதி வாங்கணுமா? பணம் கட்டணுமா? கட்டாமப் போட்டா கேஸ் போடுவாங்களா?’

இது சட்டக் கேள்வி மாதிரித்தான் தெரியும். இதற்கு அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது. படத்தில் இருப்பது நம் பாட்டன், நம் பூட்டி. அந்தப் படத்தைப் பார்க்க, அச்சடிக்க நாம் யாரிடம் கை கட்டி நிற்க வேண்டும்? ஏன் நிற்க வேண்டும்? இந்த இரண்டு கேள்வியையும் சேர்த்தே பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் இந்தப் படங்கள் எப்படி வந்தன என்று பாருங்கள்.

எழும்பூர் மியூசியம் 1851இல் தொடங்கப்பட்டது. 1885இல் அதற்குக் கண்காணிப்பாளராக வந்தவர் எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். இருபது வருசத்துக்கு மேல் அந்தப் பதவியில் இருந்தார். மனிதர்களின் மண்டையை, மூக்கை, உயரத்தை அளந்து சாதியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பிய கூட்டத்தில் ஒருவர். மியூசியத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் அளந்தார், ஊர் ஊராகப் போயும் அளந்தார். கருவிகளோடு இவர் வருவதைப் பார்த்த வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களில் நல்ல உடம்பாகப் பார்த்துப் பாடம் பண்ணி மெட்ராஸ் மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்று பயந்தார்களாம். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார், வேடிக்கையாக. நமக்கு அது வேடிக்கை இல்லை. அந்தப் பெண்கள் பயந்ததில் பாதி நடந்தேவிட்டது. உடம்பைப் பாடம் பண்ணவில்லை, உருவத்தைப் பண்ணிவிட்டார்கள். ரங்காச்சாரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு தர்ஸ்டன் எழுதிய ஏழு தொகுதி 1909இல் வந்தது. ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்று தமிழ்ப் பல்கலைக்கழகம் அதைத் தமிழில் கொண்டுவந்தது. அந்தத் தொகுதிகளில் போட்டோக்கள் இருக்கின்றன. படத்துக்குக் கீழே சாதிப் பெயர் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது.

இது தர்ஸ்டனோடு தொடங்கியதும் இல்லை. போட்டோ வருவதற்கு முன்பே தஞ்சாவூரிலும் மதுரையிலும் கம்பெனிக்காரர்களுக்காக நம்மூர் ஓவியர்கள் சாதி வாரியாகப் படம் வரைந்து கொடுத்தார்கள். ஒரு ஆண், ஒரு பெண், கையில் தொழில் கருவி, இதுதான் மாதிரி. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலும் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இப்படிப்பட்ட படங்கள் உண்டு. 1837இல் மதுரையில் செய்யப்பட்ட ஒரு ஆல்பம் இருக்கிறது. 72 படம். அதன் தலைப்பிலேயே சாதிகளின் ‘ஸ்பெசிமன்’ என்றுதான் போட்டிருக்கிறது. ஸ்பெசிமன் என்றால் மாதிரி, பூச்சியைக் குத்தி அட்டையில் வைப்போமே அந்த மாதிரி. டேனியல் பூர் என்ற அமெரிக்கப் பாதிரியார் அதை இன்னொரு பாதிரியாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். இன்றைக்கு அது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில் இருக்கிறது.

ஆக, கொடுத்தவர் பெயர் தெரிகிறது, வாங்கியவர் பெயர் தெரிகிறது, வைத்திருக்கிறவர் பெயர் தெரிகிறது. படத்தில் நிற்கிறவர் பெயர் தெரியாது. வரைந்தவர் பெயரும் தெரியாது. தோழர்களே, மியூசியத்தின் உரிமைக் கணக்கே இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். மியூசியத்தில் இருக்கும் ஒரு படத்துக்கு மூன்று பூட்டு உண்டு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிட்டு நம்மைப் பயமுறுத்துவார்கள். பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

முதல் பூட்டு, பொருளின் சொந்தம். காகிதம், கல், வெண்கலம் யாருடையது என்பது. இது மியூசியத்துடையது.

இரண்டாவது பூட்டு, பதிப்புரிமை. பொருளை வைத்திருப்பதாலேயே இது வந்துவிடாது. படைத்தவருக்குத்தான் முதலில் உண்டு. அதற்கும் ஆயுள் கணக்கு உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவர் வாழும் காலம் முழுதும், அவர் இறந்த பிறகு 60 வருசமும். முன்பு 50ஆக இருந்தது, 1992இல் 60 ஆக்கினார்கள். அண்ணல் அம்பேத்கர் 1956இல் மறைந்தார், அவர் வாழ்நாளில் வெளிவந்த எழுத்தின் பதிப்புரிமை 2016 முடிவோடு முடிந்தது. இப்போது யாரும் அச்சடிக்கலாம். போட்டோவுக்குத் தனிக் கணக்கு இருந்தது, வெளிவந்ததிலிருந்து 60 வருசம். 2012 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு, போட்டோவுக்கும் எடுத்தவர் ஆயுளும் 60 வருசமும் என்று ஆக்கிவிட்டார்கள். தர்ஸ்டன் புத்தகம் 1909இல் வந்தது, ஆள் 1935இல் இறந்துவிட்டார். எந்தக் கணக்குப் போட்டாலும் அந்தப் படங்களுக்கு இன்று பதிப்புரிமை கிடையாது. 1837 மதுரை ஆல்பத்துக்குக் கேட்கவே வேண்டாம். இவை பொதுச் சொத்து.

மூன்றாவது பூட்டுதான் முக்கியம். அது வாசல் கதவு. உள்ளே வரச் சீட்டு, கேமராவுக்குத் தனிச் சீட்டு, தெளிவான படம் வேண்டுமென்றால் மனு, மனுவில் கையெழுத்து, அந்தக் கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் பத்து நிபந்தனை. இது பதிப்புரிமை அல்ல, ஒப்பந்தம். பதிப்புரிமை செத்துப்போன படத்துக்கு ஒப்பந்தத்தால் உயிர் கொடுத்து வாடகை வாங்குகிற வேலை இது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவரைத்தான் கட்டும். 1909இல் அச்சான தொகுதியிலிருந்து நீங்கள் படத்தை எடுத்தால் அங்கே எந்த மியூசியத்தோடும் உங்களுக்கு ஒப்பந்தம் இல்லை.

இது நமக்குப் புதுசா? மகத் குளத்தை நினைத்துப் பாருங்கள். பொது நீர்நிலைகள் எல்லாருக்கும் திறந்தவை என்று பம்பாய்ச் சட்டசபை 1923இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. காகிதத்தில் குளம் பொது, கரையில் நிற்கிறவன் விடமாட்டான். 1927 மார்ச் 20ஆம் தேதி அண்ணல் ஆயிரக்கணக்கான சனங்களோடு போய்த் தண்ணீரைக் கையில் அள்ளினார். குளம் எங்களுக்குத் தனிச் சொத்து என்று வழக்குப் போட்டார்கள். பத்து வருசம் கழித்து 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளியது. பொது என்று எழுதி வைத்தால் மட்டும் எதுவும் பொது ஆகிவிடாது, போய் அள்ளினால்தான் பொது. நம்ம பக்கத்து ஊருணிகளின் கதையும் உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

மியூசியம் இன்னொரு வாதம் வைக்கும். ‘ஓவியம் பழசுதான், ஆனா அதை நாங்க போட்டோ எடுத்திருக்கோம். அந்தப் போட்டோ புதுசு, அதுக்கு உரிமை எங்களுக்கு.’ தட்டையான ஓவியத்தை உள்ளது உள்ளபடி நகலெடுத்த போட்டோவில் புதிதாக என்ன படைப்பு இருக்கிறது? 1999இல் நியூயார்க் நீதிமன்றம் பிரிட்ஜ்மன் வழக்கில் இதைத்தான் கேட்டது, உரிமை இல்லை என்றது. 2023இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், படைத்தவரின் சொந்த அறிவுத் தேர்வு ஒரு படைப்பில் தெரிய வேண்டும் என்று அழுத்திச் சொன்னது. நம் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், வெறும் உழைப்பும் செலவும் போதாது, குறைந்த அளவாவது படைப்பாற்றல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது சட்டப் புத்தகங்களைப் பற்றிய வழக்குத்தான், ஆனாலும் அந்த அளவுகோலை இங்கே வைத்து நாம் வாதாடலாம். ஒரு எச்சரிக்கை. சிலையை எடுத்த போட்டோ வேறு விசயம். வெளிச்சம், கோணம் எல்லாம் எடுத்தவர் தேர்வு, அதில் அவருக்கு உரிமை இருக்கலாம். அந்த மாதிரி இடத்தில் மற்றவர் எடுத்த போட்டோவைத் தூக்கிப் போடாமல் நாமே போய் எடுத்துக்கொள்வது நல்லது. தெருவில் நிலையாக நிற்கும் அம்பேத்கர் சிலையைப் படம் எடுக்கவும் அச்சிடவும் சட்டத்தின் 52ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. அந்தப் பிரிவை எல்லாரும் ஒரு தடவை வாசியுங்கள். ஆராய்ச்சி, விமர்சனம், வகுப்பறைப் பாடம் ஆகியவற்றுக்கு அதில் வழி உண்டு.

உலகத்து மியூசியங்கள் இதில் ஒரே மாதிரி நடப்பதில்லை. யேல் பல்கலைக்கழகம் 2011இல், பதிப்புரிமை முடிந்துபோன தன் சேகரிப்புகளின் படங்களுக்கு உரிமமோ கட்டணமோ கேட்பதில்லை என்று அறிவித்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டது. பிரிட்டிஷ் மியூசியம் 2020இல் 19 லட்சம் படங்களை வலையில் வைத்தது, ஆனால் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்று முடிச்சுப் போட்டது. வணிகம் என்றால் என்ன? அமராவதி பௌத்தச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன, எழும்பூரிலும் இருக்கின்றன. பௌத்தம் பற்றி நாம் ஒரு சிறு வெளியீடு போட்டு, அச்சுக்கூலிக்காக விலை வைத்து விற்றால் அதையும் வணிகம் என்பார்கள். ஆந்திராவிலிருந்து கல்லைக் கப்பலேற்றிக் கொண்டுபோனது வணிகம் இல்லை, நாம் விலை போட்டால் மட்டும் வணிகம். இந்த ‘வணிகமல்லாத’ என்ற சொல் பெரிய பதிப்பகத்தை ஒன்றும் செய்யாது, அவன் பணம் கட்டிவிடுவான். சிறு பத்திரிகைதான் வாசலிலேயே நின்றுவிடும்.

சரி, எல்லா மியூசியமும் எல்லாப் படத்தையும் திறந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? ‘திறந்த அணுகல்’ என்று கைதட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாமா? இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஹார்வர்டு கதையைச் சொல்கிறேன்.

1850இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ரென்ட்டி என்ற கறுப்பின அடிமையையும் அவர் மகள் டீலியாவையும் துணியை அவிழ்க்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். எடுக்கச் சொன்னவர் ஹார்வர்டு பேராசிரியர் அகாசி. கறுப்பர்கள் தனி இனம், கீழ் இனம் என்று நிரூபிக்கிறாராம். தர்ஸ்டனுக்கு முன்னோடி. அந்தப் படங்கள் ஹார்வர்டின் பீபாடி மியூசியப் பரணில் கிடந்து 1976இல் கண்டெடுக்கப்பட்டன. பிறகு ஹார்வர்டு அவற்றைத் தன் சொத்தாகவே நடத்தியது. கேரி மே வீம்ஸ் என்ற கறுப்பினப் பெண் கலைஞர் 1990களில் அந்தப் படங்களைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து, மேலே சொற்கள் எழுதித் தன் படைப்பாக்கியபோது, அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதாக ஹார்வர்டு வழக்குப் பேச்சை எடுத்தது. சட்டப்படி உங்கள் பக்கம் இருக்கலாம், அறப்படி என் பக்கம், வாங்க கோர்ட்டில் பேசலாம் என்ற நிலையில் அவர் நின்றார். வழக்கு நடக்கவில்லை, கடைசியில் அவர் படைப்பையே ஹார்வர்டு வாங்கி வைத்துக்கொண்டது.

2019இல் டமாரா லேனியர் என்ற பெண், ரென்ட்டி என் முப்பாட்டன் வழி, படத்தைக் கொடு என்று வழக்குப் போட்டார். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2022இல் என்ன சொன்னது? படத்தில் இருப்பவருக்குப் படத்தின் மேல் சொத்துரிமை கிடையாது, எடுத்தவருக்குத்தான். அதே தீர்ப்பில், அந்தக் குடும்பத்துக்கு ஹார்வர்டு கொடுத்த மனவேதனைக்கு வழக்கு நடத்தலாம் என்றும் சொன்னது. 2025 மே மாதம் ஹார்வர்டு இறங்கி வந்தது. படங்களைத் தென் கரோலினாவில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க மியூசியத்துக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதித்தது. சொத்துச் சட்டத்தில் தோற்ற வழக்கு, மக்கள் மன்றத்தில் ஜெயித்தது.

இதிலிருந்து நமக்கு என்ன பாடம்? பதிப்புரிமை என்ற சட்டமே படம் எடுத்தவனைப் பார்க்கிறது, எடுக்கப்பட்டவரைப் பார்ப்பதில்லை. நம் நாட்டுச் சட்டமும் அப்படித்தான். மலக்குழியிலிருந்து தலை நீட்டும் தொழிலாளியை ஒருவர் போட்டோ எடுக்கிறார். அது நகரத்து கேலரியில் தொங்குகிறது, பரிசு வாங்குகிறது, விற்கப்படுகிறது. எடுத்தவருக்கு உரிமை, மாட்டியவருக்குப் பெருமை, வாங்கியவருக்கு ரசனை. குழிக்குள் நின்றவருக்கு? படத்தின் அடியில் அவர் பெயர்கூட இல்லை. சாதி அவரைக் குழிக்குள் இறக்கியது, கலை அவரை அங்கேயே நிறுத்திவிட்டது. ரென்ட்டி படத்தில் நடந்ததும் இங்கே நடப்பதும் ஒரே வேலைதான்.

அதனால் ‘எல்லாப் படமும் எல்லாருக்கும்’ என்பது பாதி உண்மை. பூட்டி வைப்பதும் அதிகாரம், கேட்காமல் கடைவிரிப்பதும் அதிகாரம். அவமானப்படுத்த எடுத்த படம், பதிப்புரிமை முடிந்துவிட்டது என்பதற்காகச் சட்டைத் துணியில் அச்சாகித் தெருவில் போக வேண்டுமா? ஆஸ்திரேலிய மியூசியங்கள் இறந்துபோன பழங்குடியினரின் படங்கள் உள்ளன என்று முதலிலேயே எச்சரிக்கைப் பலகை வைக்கின்றன. சில படங்களை அந்தச் சமூகத்தைக் கேட்காமல் காட்டுவதில்லை. நம் மியூசியங்களில் இந்தப் பேச்சே கிடையாது. நம் சட்டத்தில் பிடி இல்லாமல் இல்லை. நக்கீரன் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் தனிமனித வாழ்க்கையின் அந்தரங்கம் அவர் உரிமை என்றது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டார்கள். இன்று வாழும் தொழிலாளியின் படத்துக்கு இதை வைத்துப் பேசலாம். செத்துப்போன பாட்டிக்குச் சட்டம் பேசாது. இயக்கம்தான் பேச வேண்டும்.

இங்கே ஓவியம் படிக்கிற பிள்ளைகள், பறை அடிக்கிற தோழர்கள், மண்குதிரை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ஓவியத்தை ஒரு மியூசியத்துக்கு விற்றால் துணியும் சட்டகமும்தான் போகிறது, பதிப்புரிமை போகாது. அதை எழுத்தில், கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தால்தான் போகும். எத்தனை வருசம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருசம் என்றும், எந்த எல்லை என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் 19ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் ‘உலகம் முழுதும், என்றென்றைக்கும்’ என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். அந்த வரியைப் பார்த்தால் பேனாவை மூடுங்கள். காசு கொடுத்து ஆள் உருவம் வரையச் சொன்னாலோ போட்டோ எடுக்கச் சொன்னாலோ, வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் உரிமை சொன்னவருக்கே போய்விடும், அதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். விற்ற பிறகும் உங்கள் படைப்பைச் சிதைக்க யாருக்கும் உரிமை இல்லை. அமர்நாத் சேகல் டில்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அரசாங்கம் பிய்த்து எடுத்துக் கிடங்கில் போட்டது. 2005இல் டில்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தைத் திருப்பிக் கொடு, ஐந்து லட்சம் நஷ்ட ஈடும் கொடு என்றது. அரசாங்கத்தையே எதிர்த்து ஒரு கலைஞர் ஜெயித்த வழக்கு, ஞாபகம் வையுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். கண்காட்சிக்குத் தர்ஸ்டன் தொகுதிப் படங்களையும் மதுரை ஆல்பத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் கெஞ்ச வேண்டாம். பழைய தலைப்பை அப்படியே போடாதீர்கள். யார் எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள், எந்த மியூசியத்தில் இருக்கிறது, படத்தில் இருப்பவர் பெயர் ஏன் இல்லை என்று நாலு வரி கீழே எழுதுங்கள். அந்த நாலு வரிதான் உங்கள் கண்காட்சி. துணியில்லாமல் நிறுத்தி எடுத்த படம் எதையும் மாட்டாதீர்கள், அப்படி ஒரு படம் இருக்கிறது என்று எழுத்தில் சொன்னால் போதும்.

அடுத்து, புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினால் திருக்கோகர்ணத்தில் மியூசியம் இருக்கிறது. 1910இல் சமஸ்தானம் தொடங்கியது, இப்போது அரசாங்கத்துடையது, அதாவது நம் வரிப்பணம். கூட்டமாகப் போய்ப் பாருங்கள். உழைக்கும் சனங்களின் பொருள் எது இருக்கிறது, எந்தப் பெயரில் இருக்கிறது, எது இல்லவே இல்லை என்று குறிப்பெடுங்கள். படங்களை வெளியிட என்ன விதி, என்ன கட்டணம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதிப்புரிமை முடிந்த படத்துக்குக் கட்டணம் கேட்டால் எந்தச் சட்டத்தில் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக, நம் கையில் இருக்கும் படங்கள். சேரியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கல்யாணப் போட்டோ, ஒரு சங்கக் கூட்டப் போட்டோ, போராட்டத்தில் கைதான நாளில் எடுத்த போட்டோ கரையான் அரித்துக்கொண்டு கிடக்கிறது. வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு நகலெடுங்கள். அசலை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். எதைப் பொதுவில் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று அவர்களே சொல்லட்டும், அதை எழுதி வையுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் பெயரை எழுதுங்கள். நிற்கிறவர், உட்கார்ந்திருக்கிறவர், ஓரத்தில் பாதி முகம் தெரிகிற பிள்ளை உட்பட எல்லார் பெயரும் வேண்டும். பெயர் சொல்லத் தெரிந்த கிழவிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அடுத்த வருசம் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.